விலாங்கு கொண்டுவந்த கடிதம்

"ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒருவரையும் உள்ளே இறக்க மாட்டேன்," என்றாள் இவோனா.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. குரோவேசியாவின் கடற்கரையில், வ்ரேலா என்ற சிறிய மீனவக் கிராமத்துத் தீயணைப்பு நிலையத்தில் ஆரபி அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் வைத்திருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. இரண்டு நாட்களாக அவள் எதையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"உள்ளே இருப்பது என் அண்ணா," என்றாள் ஆரபி.

"தெரியும். அதனால்தான் உண்மையைச் சொல்கிறேன். மலையிலிருக்கும் பெருங்குழிக்குள் இருபது மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. சுழித்துக்கொண்டு நிற்கிறது. முக்குளிப்புக் குழு தலைநகரிலிருந்து புறப்பட்டுவிட்டது. ஆனால் இந்தக் காற்றுக்குப் பாலங்களை மூடிவிட்டார்கள். நாளை வரலாம், நாளை மறுநாளும் ஆகலாம். என்னிடம் இருக்கும் நான்கு பேரை அந்தச் சுழிக்குள் அனுப்பினால் நான்கு பேரையும் சேர்த்துத் தேடவேண்டி வரும்."

இவோனா அந்தப் பகுதிக் குகை மீட்புக் குழுவின் தலைவி. நாற்பது வயது இருக்கும். பேச்சில் பூச்சுப் பூசத் தெரியாதவள். அவள்மேல் கோபப்பட ஆரபிக்கு ஆசையாக இருந்தது. ஆனால் சொல்வதில் பிழை இல்லையே.

ஆரபியின் அண்ணன் நிமலன் விலாங்கு ஆராய்ச்சியாளன். ஐரோப்பிய விலாங்கு ஆற்றிலும் ஏரியிலும் வாழ்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வ்ரேலாவின் மலைகள் முழுக்கச் சுண்ணாம்புக் கல். மழைநீர் மேலே ஓடாது. பூமிக்குள் இறங்கி, இருட்டிலேயே ஓடி, கடலோரக் குகைகளில் வந்து கலக்கும். அந்த இருட்டு ஓடைகளிலும் விலாங்குகள் பத்து, பதினைந்து வருடம் வாழ்ந்து, இனம் பெருக்கும் காலம் வந்ததும் கடலுக்கு இறங்குகின்றன என்பது நிமலனின் எண்ணம். அதை நிரூபிக்கத்தான் மார்செய்யிலிருந்து இங்கே வந்திருந்தான். ஆரபி அதே நகரத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் மின்வேலை செய்பவள். இரண்டு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணனுக்கு உதவியாக வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை நிமலன் ஒரு மாணவியுடன் பெருங்குழியில் இறங்கினான். உள்ளே ஒரு நிலத்தடி ஏரி உண்டு. அங்கே விலாங்குகளைப் பிடித்து, இலக்கத் துண்டு கட்டி விடுவது அன்றைய வேலை. நடுப்பகலில் மலையில் பேய்மழை. தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டதும் நிமலன் மாணவியை முதலில் கயிற்றில் ஏற்றி அனுப்பினான். அவள் மேலே வந்து சேர்ந்தாள். கயிறு மறுபடி இழுபடவே இல்லை.

தீயணைப்பு நிலையத்துக்கு வெளியே அமலதாஸ் காத்திருந்தார். குருநகர் என்ற மீனவ ஊர்க்காரர். இளவயதில் முக்குளித்துக் கடலட்டை எடுப்பது அவர் தொழில். ஒரு மூச்சில் ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழம், இறங்கி வருவார். இப்போது மார்செய்த் துறைமுகத்தில் படகோட்டுகிறார். நிமலன் தன் ஆராய்ச்சிப் படகுக்கு அவரைத்தான் கேட்டு அழைத்து வந்திருந்தான்.

"என்னவாம் பிள்ளை?"

"ஞாயிறு மட்டும் பொறுக்கட்டாம்."

அமலதாஸ் கடலைப் பார்த்தார். விடியற்காலையிலிருந்து மலைப்பக்கமிருந்து குளிர்காற்று இறங்கி வீசிக்கொண்டிருந்தது. கடலின் தோல் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்கியது.

"அமலண்ணை, கடற்குகை வாயில நாங்கள் கட்டின கூட்டுவலை இன்னும் தண்ணிக்குள்ளதானே கிடக்கு. செவ்வாயிலயிருந்து ஒருத்தரும் பாக்கேல்லை. உள்ள அம்பிட்ட விலாங்கெல்லாம் நெரிபட்டுச் சாகப் போகுது. சும்மா இஞ்ச குந்தியிருக்க என்னால ஏலாது. போய் அவிட்டு விட்டிட்டு வருவம்."

"இந்த வாடைக்கு வெளிய போறது விசர் வேலை," என்றார் அமலதாஸ். பிறகு படகின் கயிற்றை அவிழ்த்தார். "பாறையோட ஒட்டிக்கொண்டு போனால் போகலாம். ஏறு."

காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசியதால் செங்குத்துப் பாறைகளின் அடியில் கொஞ்சம் அமைதி இருந்தது. ஆனால் இரண்டு பாறைகளுக்கு நடுவே இடைவெளி வந்தபோதெல்லாம் காற்று குத்துவதுபோல் இறங்கியது. அமலதாஸ் ஒரு கையால் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த குத்து எங்கிருந்து வரும் என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கணித்து, படகைப் பாறையோடு உரசாமல் உரசுவதுபோல் கொண்டுபோனார். இருபது நிமிடத்தில் குகை வாய்க்குள் படகு நுழைந்தது.

உள்ளே கலங்கிய நன்னீர் கடல்நீரின்மேல் பழுப்பாகப் பரவிக்கிடந்தது. வளையங்கள் கோத்த நீண்ட கூட்டுவலையை இருவரும் இழுத்துப் படகில் போட்டார்கள். எட்டு விலாங்குகள். எல்லாம் கடலுக்குப் புறப்பட்டவை: கறுத்த முதுகு, வெள்ளி வயிறு, ஆழ்கடலுக்கென்று பெருத்த கண்கள். ஆரபி ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே நழுவவிட்டாள். வந்த புதிதில் அந்த வழுவழுப்பைத் தொடவே அருவருத்தவள் அவள்.

ஏழாவதைப் பிடித்தபோது கையில் ஏதோ தட்டுப்பட்டது.

முதுகுத் துடுப்பின் அடியில் இலக்கத் துண்டு கட்டும் அதே நைலோன் நூல். ஆனால் அதில் தொங்கியது இலக்கத் துண்டு அல்ல. ரப்பர்க் கையுறையின் சுண்டுவிரலை வெட்டி, வாயை இறுக்கிக் கட்டிய ஒரு சின்னப் பை.

"அமலண்ணை, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ. கெட்டியாப் பிடியுங்கோ."

நூலை அறுத்தாள். விலாங்கு தண்ணீருக்குள் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பைக்குள் நீர் புகாத தாள் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பென்சில் எழுத்து. தமிழ் எழுத்து.

'வியாழன் காலை 7 மணி. நிமலன். உயிரோட இருக்கிறன். இடது கால் முறிஞ்சிட்டுது. ஏரிக்கு மேல பெரிய கல்தட்டில இருக்கிறன். மேல் வழி முழுக்கத் தண்ணி. இண்டைக்கு விடியத்தான் கீழயிருந்து காத்து வரத் துவங்கினது. உப்பு மணக்குது.'

ஆரபி இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை எழுத்துக்கள் கலங்கித் தெரிந்தன. தாளை அமலதாஸிடம் நீட்டிவிட்டு முகத்தை முழங்கையால் துடைத்தாள்.

அமலதாஸ் மெதுவாக, உதடசைத்து வாசித்தார். பிறகு குகைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். நீர் மட்டத்துக்கு மேலே இரண்டடி உயரத்துக்குப் பாசி ஈரமாகப் பளபளத்தது.

"பிள்ளை, கடல் வத்தியிருக்கு."

"என்ன?"

"செவ்வாய்க்கிழமை சோளகம் அடிச்சது. தெற்கிலயிருந்து வாற காத்து கடலைக் கொண்டுவந்து கரையில குவிக்கும். இண்டைக்கு விடிய வாடை துவங்கினது. கடலைத் தள்ளிக்கொண்டு போகுது. அந்தப் பாசிக்கு நேற்றுத் தண்ணி நிண்டது. இப்ப ரெண்டடி கீழ நிக்குது." அவர் தாளைத் தட்டிக் காட்டினார். "உன்ர அண்ணனுக்கு எப்ப காத்து வரத் துவங்கினதாம்? இண்டைக்கு விடிய."

ஆரபிக்குப் புரிந்தது. அந்தக் கடற்குகை உட்புறம் ஐம்பது மீட்டர் போனதும் முடிந்துவிடும். கூரை சரிந்து வந்து தண்ணீரைத் தொட்டுவிடும். அதற்கு அப்பால் வழி கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடல் இறங்கியதும் அந்தக் கூரைக்கும் தண்ணீருக்கும் இடையே இடைவெளி விழுந்திருக்கிறது. அதன் வழியாகத்தான் கடற்காற்று உள்ளே போய், மலைக்குள் இருக்கும் நிமலனின் மூக்கில் பட்டிருக்கிறது.

படகைக் குகையின் கடைசிவரை தள்ளிக்கொண்டு போனார்கள். ஆரபி தலைவிளக்கை அடித்துப் பார்த்தாள். கறுப்புப் பாறைக்கும் கறுப்புத் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் உயரத்தில் வெறுமை. அவள் ஈரக் கையை நீட்டினாள். காற்று விரல்களைத் தடவிக்கொண்டு உள்ளே போனது.

தீயணைப்பு நிலையத்தில் இவோனா அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆரபி வரி வரியாகச் சொன்னாள்.

"விலாங்கு போகும் ஓட்டையில் மனிதர் போக முடியாது," என்றாள் இவோனா.

"காற்று போகிறதே. அதுவும் மலைக்குள் அத்தனை தூரம். ஊசித் துளையில் அப்படிப் போகுமா?"

"ஊசித் துளையில் போகாது." இவோனா எழுந்து வானிலை அறிக்கையை எடுத்தாள். "நான்கு மணிக்குக் காற்று தணிகிறது. பிறகு தெற்குக் காற்று. அப்புறம் கடல் திரும்பி ஏறும்."

"இப்ப பன்னிரண்டு," என்றார் அமலதாஸ் உடைந்த ஆங்கிலத்தில். "நாலு மணித்தியாலம் இருக்கு."

இவோனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த இடுக்கை முதலில் கடந்து கயிறு கட்டுவது யார்?"

"நான்."

"வயது?"

"ஐம்பத்திரண்டு. மூச்சு ரெண்டரை நிமிசம்."

இவோனா வானொலியில் தன் ஆட்களுடன் பேசினாள். இரண்டு பேர் பெருங்குழியருகே நிற்க, மற்ற இருவரும் கடற்குகை வாயில் படகோடு காத்திருக்க ஏற்பாடு செய்தாள். பிறகு தன் தலைக்கவசத்தை எடுத்தாள். "மூன்று பேர் போகிறோம்: நான், இவர், விலாங்கின் போக்குத் தெரிந்த நீ. நான் திரும்பு என்றால் திரும்பவேண்டும். அழுகை, வாதம் இரண்டும் வெளியே வந்தபிறகு." ஆரபி தலையாட்டினாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அமலதாஸ் கயிற்று நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு இடுக்குக்குள் போனார். முகத்தைக் கூரையோடு ஒட்டி, மல்லாந்து, பாறையைக் கைகளால் தள்ளித் தள்ளிப் போனார். விளக்கின் வெளிச்சம் மங்கி மறைந்தது. கயிறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மீட்டரில் நின்றது. ஆரபி உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டில் கயிறு மூன்று முறை சுண்டப்பட்டது.

"வழி இருக்கிறது," என்றாள் இவோனா. அவள் குரலிலேயே ஒரு வியப்பு.

அடுத்தது ஆரபி. தண்ணீரின் குளிர் காதுக்குள் புகுந்து மண்டையைக் கவ்வியது. மூக்கு பாறையில் உரசியது. பாதி வழியில் சிற்றலை ஒன்று வாயை மூடியது. விழுங்கிவிட்டு, கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சை மீட்டாள். அப்போது கழுத்தின்மேல் உயிருள்ள ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. எதிர்த்திசையில், கடலை நோக்கி. அவளுக்குப் பயம் வரவில்லை. எங்கிருந்தோ வருகிறது, அங்கே அண்ணா இருக்கிறான் என்ற எண்ணந்தான் வந்தது. கயிற்றைப் பிடித்து இன்னும் வேகமாக நகர்ந்தாள்.

மறுபக்கம் ஒரு மண்டபம். கோயில் மண்டபம்போல் உயரம். சுவரெல்லாம் பால் வடிந்து உறைந்ததுபோன்ற கல். அமலதாஸ் கயிற்றை ஒரு கல் தூணில் கட்டிவிட்டு, பற்கள் தந்தியடிக்கச் சிரித்தார். "ஒருத்தரும் கால் வைக்காத இடம், பிள்ளை. கும்பிட்டிட்டு நட."

ஓடையை எதிர்த்து நடந்தார்கள். சில இடத்தில் முழங்கால் ஆழம், சில இடத்தில் மார்பளவு. ஒரு மணி நேரம் ஆகுமுன் ஓடை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலப்பக்கம் அகன்ற வழி. அதிலிருந்து தண்ணீர் உறுமிக்கொண்டு கொட்டியது. இடப்பக்கம் குனிந்து போகவேண்டிய பிளவு. அதில் சன்னமான ஓட்டம்தான்.

"வலது," என்றாள் இவோனா. "பெரிய தண்ணீர் பெரிய வழியிலிருந்துதான் வரும்."

ஆரபி நின்றாள். "ஐந்து நிமிடம் தாருங்கள்."

"ஐந்து நிமிடம் நம்மிடம் இல்லை."

"பிழையான வழியில் போனால் ஒரு மணி நேரம் போய்விடும்."

இவோனா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விரல்களை விரித்துக் காட்டினாள். ஐந்து.

ஆரபி இரண்டு வழிகளும் சேரும் ஆழமற்ற தளத்தில் குனிந்து நின்று, விளக்கின் ஒளியைக் கையால் மறைத்து மெல்லிதாக்கினாள். இரண்டு மாதமாக அவள் விலாங்குகளை அளந்திருக்கிறாள், எடை பார்த்திருக்கிறாள். அவை எப்படிப் போகும் என்று கண் பழகியிருந்தது. இரண்டாம் நிமிடத்தில் இடப்பக்கப் பிளவிலிருந்து கைத்தடி நீளத்துக்கு ஒரு விலாங்கு கல்லைத் தழுவிக்கொண்டு வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அதன் பின்னாலேயே மூன்றாவது. மூன்றாவதின் முதுகில் மஞ்சள் நிற இலக்கத் துண்டு.

வலப்பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அண்ணா கட்டினது," என்றாள் ஆரபி. இவோனாவிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்: "இலக்கத் துண்டு ஏரியில் கட்டியது. அது இடப்பக்கத்திலிருந்து வருகிறது."

இவோனா தன் கையுறையிலிருந்து ஒரு நூலிழையைப் பிய்த்து முதலில் வலது வழியில் பிடித்தாள். நூல் ஆடாமல் தொங்கியது. இடது பிளவில் பிடித்தாள். நூல் உள்நோக்கிச் சாய்ந்து துடித்தது.

"நான் சொன்னது பிழை," என்றாள் அவள். "நீயே முன்னால் போ."

பிளவு அவர்களைப் பிழிந்து எடுத்தது. தோளைத் திருப்பி, மூட்டையைக் காலால் இழுத்து, சில இடத்தில் மார்பால் ஊர்ந்தார்கள். அமலதாஸ் ஓரிடத்தில் நன்றாகவே சிக்கிக்கொண்டார். மூச்சு முழுவதையும் வெளியே விட்டு, உடலைச் சுருக்கி, "மார்செய்யில திண்ட பாண்தான் செய்த வேலை இது," என்று முனகிக்கொண்டே வெளியே வந்தார். அதற்கப்பால் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு நீர்வீழ்ச்சி. இவோனா பல்லிபோல் பக்கச் சுவரில் ஏறி, மேலிருந்து கயிறு போட்டாள்.

மேலே ஏறியதும் ஆரபி இரண்டு விரல்களை வாயில் வைத்துச் சீட்டியடித்தாள். சத்தம் இருட்டுக்குள் போய் எங்கெங்கோ மோதித் திரும்பி வந்தது. காத்திருந்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

மறுபடி அடித்தாள்.

தூரத்தில், கல்லால் கல்லைத் தட்டும் சத்தம். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

ஆரபி ஓடினாள். இவோனா பின்னாலிருந்து ஏதோ கத்தினாள். அவள் காதில் விழவில்லை. வழி அகன்று ஒரு ஏரியாக விரிந்தது. விளக்கொளி மறுகரை வரை எட்டவில்லை. வலப்பக்கம் ஒரு பெரிய கல்தட்டு. அதன்மேல் வெள்ளிநிற உயிர்காப்புப் போர்வைக்குள் சுருண்டிருந்த ஒரு உருவம் தலையைத் தூக்கியது.

"ஆரபி," என்றான் நிமலன். குரல் காய்ந்த ஓலைபோல் இருந்தது. "எத்தினை வந்தது?"

"என்ன?"

"விலாங்கு. கடிதத்தோட எத்தினை வந்தது?"

"ஒண்டு."

"பன்னிரண்டு விட்டனான்," என்றான் நிமலன். "பன்னிரண்டில ஒண்டு. பரவாயில்லை."

ஆரபி அவனைக் கட்டிப்பிடித்தாள். அவன் உடம்பு கல்போல் குளிர்ந்திருந்தது. இரண்டு நாளாக அடக்கிவைத்த அழுகை தொண்டைக்கு வந்தது. இவோனாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவு வர, அதை விழுங்கினாள்.

நேரம் இரண்டு ஐம்பது. இவோனா அவன் முறிந்த காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தான். சூடான இனிப்புத் தேநீரை மடக்கு மடக்காகக் குடிக்கக் கொடுத்து, சுருட்டிக் கொண்டுவந்த தூக்குப்படுக்கையில் அவனை வார்களால் இறுக்கினார்கள். நீர்வீழ்ச்சியில் கயிற்றால் இறக்கினார்கள். பிளவில் படுக்கையைச் சாய்த்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். ஒவ்வொரு இடியிலும் நிமலனின் முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"இந்த வழியாலதான் அதுகள் போகுமெண்டு நான் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை."

"தம்பி, வெளிய போய் எல்லாருக்கும் சொல்லலாம்," என்றார் அமலதாஸ். "இப்ப மூச்சை மிச்சம் பிடி."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மண்டபத்தை அடைந்தபோது நாலேகால். கல் தூணில் கட்டிய கயிறு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ஆரபி கையை நீட்டிப் பார்த்தாள். காற்று இல்லை. இடுக்கின் தொடக்கத்தில் நாலு விரல் இடைவெளிதான் மிச்சம்; நடுவில் கூரை தண்ணீரைத் தொட்டுவிட்டது. அறிக்கை சொன்ன நேரத்துக்கு முன்பே வாடை தணிந்துவிட்டது. கடல் திரும்பிக்கொண்டிருந்தது.

அமலதாஸ் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்தார். "நடுவில ஐஞ்சு மீட்டர் மூடிட்டுது. அதுக்கங்கால இடைவெளி இருக்கு. இப்ப போனால் போகலாம். அரை மணித்தியாலம் போனால் ஏலாது."

இவோனா நிமலனைப் பார்த்தாள். "இங்கேயே காத்திருக்கலாம். உயரமான இடம் இருக்கிறது. ஆனால் இன்னொரு இரவுக் குளிரை உன் உடம்பு தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது."

"போவோம்," என்றான் நிமலன்.

அமலதாஸ் அவன் தலைமாட்டில் குனிந்தார். "கேள் தம்பி. நான் கையை இறுக்கினவுடன மூச்சை இழுத்துப் பிடிக்கவேணும். இருபது மட்டும் எண்ணு. அவசரப்பட்டு எண்ணாதை. இருபதுக்குள்ள அங்கால நிப்பம்."

இவோனா முன்னால் போய் மறுபக்கத்திலிருந்து கயிற்றை இழுப்பாள். அமலதாஸ் தலைப்பக்கம். ஆரபி கால்பக்கம், முறிந்த காலைக் காத்துக்கொண்டு. முகங்களைக் கூரையோடு ஒட்டி மிதந்தார்கள். நாலு விரல் மூன்று விரலானது. மூன்று இரண்டானது.

"இப்ப," என்றார் அமலதாஸ்.

தண்ணீர் மூடியது.

கயிறு இழுபட்டது. படுக்கை வழுக்கிக்கொண்டு முன்னேறியது. ஆரபி எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதில் படுக்கை நின்றது. கயிறு முறுகியது, படுக்கை அசையவில்லை. ஆரபி கண்ணைத் திறந்தாள். கலங்கல் நீரில் விளக்கு மஞ்சள் புகையாகத் தெரிந்தது. கைகளால் தடவினாள். கால்பக்கத்து வார் ஒன்று கூரையிலிருந்து தொங்கிய கல் முள்ளில் வளையமாக மாட்டியிருந்தது. இழுத்தாள். வரவில்லை. முன்னாலிருந்து இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. பன்னிரண்டு. பதின்மூன்று. வலை வேலைக்கென்று இடுப்பில் செருகியிருக்கும் கத்தியை உருவி, வாரின் அடியில் கொடுத்து மேல்நோக்கி அறுத்தாள். முதல் இழுப்பில் பாதி. அவளுடைய நெஞ்சு எரிந்தது. இரண்டாவது இழுப்பில் வார் அறுந்தது. படுக்கையின் விளிம்பைத் தோளால் முட்டித் தள்ளினாள். அது பாய்ந்து போனது. அவளும் கூடவே போனாள்.

பதினெட்டு என்று எண்ணியபோது முகத்தில் காற்று பட்டது.

யாரோ அவள் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தார்கள். இருமினாள். கண் முழுக்க வெளிச்சம். குகை வாயில் மேற்குச் சூரியன் தண்ணீர்மேல் நேராக விழுந்து பொன்னாகக் கிடந்தது. படகிலிருந்த இரண்டு மீட்புக்காரர்களும் ஏற்கெனவே நிமலனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்தொண்டு," என்றான் நிமலன், மூக்கால் தண்ணீர் வழிய. "அமலண்ணை, ஒண்டு கூடிப்போச்சு."

அமலதாஸ் அவன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து ஒரு கணம் அப்படியே இருந்தார்.

இப்போது அழலாம் என்று ஆரபிக்குத் தோன்றியது. ஆனால் வந்தது சிரிப்பு. படகின் அடித்தட்டில் மல்லாந்து கிடந்து, வயிறு நோகச் சிரித்தாள். இவோனாவும் சிரித்தாள். அவள் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

காற்று அடங்கிய கடலில் படகு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அலைதடுப்புச் சுவர் முழுக்க ஆட்கள். வானொலியில் செய்தி கேட்டு ஊரே இறங்கி வந்திருந்தது. நின்றிருந்த மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றாக ஊதொலி எழுப்பின. ஒரு பெண் தன் மேலங்கியைக் கழற்றி ஆரபியின் தோளில் போர்த்திவிட்டாள். யாரோ அமலதாஸின் கையில் திராட்சைச் சாராயக் கிண்ணத்தைத் திணித்தார்கள். பெருங்குழியிலிருந்து முதலில் மேலே வந்த அந்த மாணவி ஓடிவந்து தூக்குப்படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை அவள் பிடியை விடவில்லை.

நான்கு நாட்கள் கழித்து இவோனா மருத்துவமனைக்கு வந்தாள். நிமலனின் கட்டிலில், கட்டுப்போட்ட காலுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய வரைபடத்தை விரித்தாள். அந்தக் கரையிலுள்ள எல்லாக் குகைகளும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. மலைப் பெருங்குழிக்கும் கடற்குகைக்கும் நடுவே மட்டும் வெற்றிடம்.

"முப்பது வருடமாக இது வெற்றிடம்," என்றாள். பென்சிலை எடுத்து, மண்டபம், பிளவு, நீர்வீழ்ச்சி, ஏரி எல்லாவற்றையும் கோட்டால் இணைத்தாள். "புதிய வழிக்குக் கண்டுபிடித்தவர்கள் பெயர் வைப்பது வழக்கம். உங்கள் மூவரின் பெயரில் எது?"

நிமலன் தங்கையைப் பார்த்தான். ஆரபி அமலதாஸைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். "என்ர பேரைப் போடாதேங்கோ. நான் கயித்தைக் கட்டினனான், அவ்வளவுதான்."

"நாங்கள் கண்டுபிடிக்கவில்லை," என்றாள் ஆரபி இவோனாவிடம். "பின்னால் போனோம். வழி தெரிந்தவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள்."

"அப்படியானால் நீயே எழுது. உங்கள் எழுத்திலேயே எழுது. கீழே நான் எங்கள் எழுத்தில் போட்டுக்கொள்கிறேன்."

ஆரபி பென்சிலை வாங்கினாள். படுக்கைமேல் குனிந்து, கோட்டின் வளைவுக்குத் தக்கபடி எழுத்துக்களையும் வளைத்து, நிதானமாக எழுதினாள்: விலாங்கு வாசல்.

இவோனா எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, எப்படி உச்சரிப்பது என்று கேட்டாள். மூன்றாம் தடவை சரியாகச் சொன்னாள்.